‘க்ளீன்’ செய்தால் கர்ப்பப்பை கெட்டுவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 27. கரூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. வீடு அங்கிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில். இது முதல் கர்ப்பம். எனக்கு மாதவிடாய் எப்போதும் 28 நாளில் சரியாக வரும். அந்தக் கணக்குப்படி ஒன்பதரை வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது, கரு 11 மில்லிமீட்டர்தான் இருக்கிறது, துடிப்பு இல்லை என்றார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். அதே அளவு, துடிப்பு இல்லை. வலி கிடையாது, லேசாகப் பழுப்பு நிறத்தில் படுகிறது. டாக்டர் டி அண்ட் சி செய்ய வரச் சொல்லியிருக்கிறார். மாமியாரோ, “கழுவி விட்டா கர்ப்பப்பை புண்ணாயிடும், அடுத்தது தங்காது, தானா போகட்டும்” என்கிறார். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு இரண்டு முறை க்ளீன் செய்தார்கள். அதன்பின் குழந்தையே இல்லை. கணவர், மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறார். என் ரத்த வகை ஓ நெகட்டிவ், ஹீமோகுளோபின் 9.2. நான் எதைச் செய்வது? தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போனேன், ஒன்பதாவது வாரம் ஆரம்பத்தில் பழனிக்கு பஸ்ஸில் போய்வந்தேன். அதுதான் காரணமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் கர்ப்பம், அதுவும் வலியோ ரத்தமோ எதுவும் காட்டிக்கொடுக்காமல், ஸ்கேன் அறையில் படுத்திருக்கும்போது திடீரென்று கேட்க நேர்ந்த செய்தி. அதைத் தாங்கிக்கொள்வதற்குள் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. உங்கள் நிலை எனக்குப் புரிகிறது.

அவசரம் எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் இல்லை, ரத்தப்போக்கு அதிகமில்லை என்றால் நாளைக் காலைக்குள் முடிவெடுத்தாக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஒரு வாரம் யோசிக்கலாம். ‘செத்த கரு உள்ளே இருந்தால் விஷம் ஏறிவிடும்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சில நாட்களில் அப்படி எதுவும் ஆகாது. பல வாரங்கள் அப்படியே விட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து, நிச்சயமாகத் துடிப்பு நின்றுவிட்டதா என்ற சந்தேகம். எழுதவில்லையே தவிர, உங்கள் மனதில் அது இருக்கும். கரு 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தும், பிறப்புறுப்பு வழியாக எடுத்த ஸ்கேனில் துடிப்பு தெரியவில்லை என்றால்தான் கர்ப்பம் நின்றுவிட்டதாக முடிவு செய்வோம். அதைவிடச் சின்னதாக இருந்தால் வாய் திறக்காமல் ஒரு வாரமாவது காத்திருந்து மறுபடி பார்ப்போம். உங்களுக்கு 11 மில்லிமீட்டர். ஒரு வாரம் கழித்தும் அதே 11. உங்கள் டாக்டர் அவசரப்படாமல் சரியாகத்தான் செய்திருக்கிறார். இதில் இனி சந்தேகப்பட இடமில்லை.

ரிப்போர்ட்டில் ‘மிஸ்ட் அபார்ஷன்’ என்று எழுதியிருப்பார்கள். அந்த ‘அபார்ஷன்’ என்ற சொல்லைப் பார்த்து, ‘நான் கலைக்கவே இல்லையே டாக்டர்’ என்று அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். கரு உள்ளேயே நின்றுபோய், உடம்பு அதை இன்னும் வெளியேற்றாமல் வைத்திருக்கும் நிலைக்கு மருத்துவத்தில் உள்ள பழைய பெயர் அது. நீங்கள் எதையோ செய்தீர்கள் என்று அதற்குப் பொருள் இல்லை.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம். மூன்று இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், உங்கள் வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்: மாமியார் காத்திருக்கச் சொல்கிறார், கணவர் மாத்திரை என்கிறார், உங்கள் கையில் டாக்டர் சீட்டு இருக்கிறது. மூன்றுமே மருத்துவம் ஏற்றுக்கொண்ட வழிகள்தான். ஆனால் உங்களுக்கு எது பொருந்தும் என்பது வேறு விஷயம்.

மாமியார் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. தானாக வெளியேறக் காத்திருப்பது முறையான சிகிச்சைதான். ஏற்கெனவே ரத்தப்போக்கு ஆரம்பித்துப் பாதி வெளியேறிவிட்டவர்களுக்கு அது நன்றாகவே பலிக்கும். உங்களைப் போல லேசான கசிவைத் தவிர உடம்பு இன்னும் எந்த அறிகுறியும் காட்டாதவர்களுக்கு, இரண்டு வாரத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் முடிகிறது. மீதிப் பேர் இன்னும் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கடைசியில் ஆஸ்பத்திரிக்கே வரவேண்டும். பிரிட்டனில் 1,200 பெண்களை வைத்து இந்த மூன்று வழிகளையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. அதில் காத்திருந்த பெண்களில் 44 சதவீதம் பேருக்கு, முதலில் நினைக்காத அறுவை சிகிச்சை கடைசியில் தேவைப்பட்டது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அந்த ரத்தப்போக்கு எந்த நேரத்தில் ஆரம்பிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு, 30 கிலோமீட்டர் தள்ளி, ஹீமோகுளோபின் 9.2-ஓடு ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் மாமியாரிடமே இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிரசவம் பார்த்த வீட்டுப் பெரியவர்களுக்கு ரத்தப்போக்கின் பயம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கணவர் சொல்லும் மாத்திரைக்கு வருகிறேன். மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் ஒன்று. ஒரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை நான்கு. முதல் மாத்திரை கர்ப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹார்மோனைத் தடுக்கும், அடுத்தது கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து வெளியே தள்ளும். இரண்டாவதை மட்டும் கொடுத்தால் பலன் குறைவு. அமெரிக்காவில் 300 பெண்களிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 84 சதவீதம் பேருக்கும், மிசோப்ரோஸ்டால் மட்டும் வைத்தவர்களில் 67 சதவீதம் பேருக்கும், முதல் தடவை திரும்பிப் பார்த்தபோதே எல்லாம் வெளியேறியிருந்தது. நல்ல மருந்துதான், பலருக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் அதை மெடிக்கலில் வாங்கி வீட்டில் விழுங்குவது எனக்குச் சம்மதமில்லை. டாக்டர் சீட்டில்லாமல் விற்கவும் கூடாத மருந்து அது. உங்கள் விஷயத்தில் இன்னும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. ஒன்று, ரத்தம் ஏற்கெனவே குறைவு. மாத்திரையில் சில மணி நேரம் மாதவிடாயைவிட அதிகமாகவே படும், கட்டி கட்டியாகவும் போகும். இன்னொன்று உங்கள் நெகட்டிவ் ரத்தம். மெடிக்கல்காரர் அதைக் கேட்கப்போவதில்லை. மாத்திரைதான் வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்தால், ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாவது வழி. உங்கள் பயம் முழுக்க அதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் ஊரில் டி அண்ட் சி, க்ளீன் பண்றது, கழுவி விடறது என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். டாக்டர்களும்தான். சீட்டில் டி அண்ட் சி என்று எழுதிவிட்டு உள்ளே வேறொன்றைச் செய்பவர்கள் நிறைய உண்டு. அந்த வேறொன்று என்னவென்று தெரிந்தால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும்.

உண்மையான டி அண்ட் சி என்பது கர்ப்பப்பை வாயைக் கம்பிகளால் விரித்து, க்யூரெட் என்ற உலோகக் கருவியை உள்ளே விட்டுச் சுரண்டி எடுப்பது. நீண்ட கைப்பிடியின் முனையில் ஒரு வளையம், அந்த வளையத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். நான் மேற்படிப்பு படித்த தொண்ணூறுகளில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். ‘கரகர சத்தம் வருதா பார், வந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம்’ என்பார்கள். அந்தச் சத்தம் கைக்குத் தெரியும் வரை நாலு பக்கமும் சுரண்டுவோம். நல்ல மாணவி என்று பெயர் வாங்க வேண்டும் என்பதற்காக, கரகரப்பு வந்தபிறகும் ஒரு சுற்று கூடுதலாகச் சுரண்டியிருக்கிறேன். அந்தக் கூடுதல் சுற்றைப் பற்றி இப்போது நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஏனென்றால் கர்ப்பப்பையின் உள்பக்கம் இரண்டு அடுக்கு. மேலே உள்ளது மாதா மாதம் உதிர்ந்து மறுபடி வளர்வது. அடியில் உள்ளதுதான் விதைநெல் மாதிரி, அதிலிருந்துதான் மேலடுக்கு முளைக்கும். கூர்மையான க்யூரெட் ஆழமாகப் போய் அந்த அடியடுக்கைச் சிதைத்துவிட்டால், அந்த இடத்தில் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டு தழும்பாகிவிடலாம். 1948-ல் இதை விரிவாக எழுதிய ஜோசப் ஆஷர்மன் என்ற மருத்துவரின் பெயரால் ஆஷர்மன் சிண்ட்ரோம் என்கிறோம். மாதவிடாய் குறைந்துபோகும், சிலருக்கு நின்றேபோகும், கரு தங்குவதும் கஷ்டமாகும். ஒருமுறைக்குமேல் திரும்பத் திரும்பச் சுரண்டினால் வாய்ப்பு கூடும். உங்கள் தெரு அக்காவுக்கு என்ன நடந்தது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. குழந்தை இல்லாததற்கு நூறு காரணம் இருக்கலாம். ஆனால் உங்கள் மாமியாரின் பயம் மூடநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் காலத்தில் நாங்கள் செய்தது அந்த மாதிரிதான்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது உறிஞ்சி எடுக்கும் முறை. சக்ஷன் என்று சொன்னால் எந்த ஆஸ்பத்திரியிலும் புரியும். உறிஞ்சும் வழியை முதலில் எழுதி வெளியிட்டவர்கள் சீன மருத்துவர்கள், 1958-ல். எழுபதுகளின் ஆரம்பத்தில் கலிஃபோர்னியாவில் ஹார்வி கார்மன் என்பவர் வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்தார். அவர் டாக்டரே இல்லை, மனோதத்துவம் படித்தவர். நம் ஆபரேஷன் தியேட்டர்களில் நர்ஸிடம் ‘கார்மன் கேனுலா எட்டு கொடு’ என்று கேட்கிறோமே, அந்தக் கார்மன்தான். கூர்முனை இல்லாத, பென்சில் தடிமன் அளவுள்ள குழாய். அதன் மறுமுனையில் 60 மில்லி பிடிக்கும் பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்ச். சிரிஞ்சின் பிடியைப் பின்னால் இழுத்துப் பூட்டி வைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும், குழாயில் பொருத்தித் திறந்ததும் கருவும் அதைச் சுற்றியுள்ள திசுவும் உறிஞ்சப்பட்டு வந்துவிடும். கையாலேயே இயக்குவதால் இதை எம்.வி.ஏ. (மேனுவல் வேக்குவம் ஆஸ்பிரேஷன்) என்கிறார்கள். கரண்ட்டில் ஓடும் மெஷினை வைத்தும் உறிஞ்சலாம், வேலை ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் 2012 வழிகாட்டுதலிலேயே, க்யூரெட்டால் சுரண்டும் முறை காலாவதியானது, அதை விட்டுவிட்டு உறிஞ்சும் முறைக்கோ மாத்திரைக்கோ மாறுங்கள் என்று எழுதிவிட்டது. இன்னமும் சில இடங்களில் க்யூரெட்டை எடுப்பது பெரும்பாலும் பழக்கதோஷம்.

ஆகவே உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “மேடம், சக்ஷன்ல எடுப்பீங்களா, இல்ல க்யூரெட்ல சுரண்டுவீங்களா?” கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் கேளுங்கள். ‘சக்ஷன்தான், கடைசியில தேவைப்பட்டா லேசா ஒரு செக் பண்ணுவேன்’ என்று சொன்னால் அது சாதாரணம். சக்ஷன் வசதியே இல்லை என்றால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பதற்றம் குறையும். முதல் நாளே ரத்தப் பரிசோதனை முடிந்திருக்கும். மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். போனதும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை இரண்டு, நாக்கடியிலோ பிறப்புறுப்பிலோ வைப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் கர்ப்பப்பை வாய் இளகிவிடும், அப்புறம் கம்பி வைத்து முரட்டுத்தனமாக விரிக்க வேண்டியிருக்காது. இந்த மாத்திரையில் அடிவயிறு பிடிக்கும், குளிர் நடுக்கம் வரலாம், லேசாகக் காய்ச்சல் மாதிரிகூட இருக்கும். பயப்பட வேண்டாம், அடங்கிவிடும். தொற்று வராமல் இருக்க ஒரு ஆன்டிபயாடிக்கும் தருவார்கள்.

மயக்கத்தில் இரண்டு விதம். கர்ப்பப்பை வாயைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டு, நீங்கள் விழித்திருக்கும்போதே செய்வது ஒன்று. பத்து நிமிடம் தூங்க வைத்துச் செய்வது இன்னொன்று. முதலாவதில் வலி சுத்தமாகத் தெரியாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கடைசி ஓரிரு நிமிடம் கடுமையான மாதவிடாய் வலி மாதிரி இழுத்துப் பிடிக்கும். கர்ப்பப்பை காலியாகிச் சுருங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். முதல் கர்ப்பம், மனமும் நொந்திருக்கிறது என்றால், தூங்க வைத்தே செய்யுங்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. நானாக இருந்தால் அப்படித்தான் கேட்பேன்.

உள்ளே வேலை ஐந்திலிருந்து பத்து நிமிடம். வெளியே வந்ததை டாக்டர் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அலசிப் பார்ப்பார். வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் பாசி மாதிரி மிதக்கும் நஞ்சுக்கொடித் திசு தெரியும். அது தெரிந்தால் எடுக்க வேண்டியது வந்துவிட்டது என்று அர்த்தம். அதில் கொஞ்சத்தைப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். அபூர்வமாகச் சிலருக்கு இது முத்துப்பிள்ளைக் கர்ப்பமாக, அதாவது நஞ்சுக்கொடித் திசு தாறுமாறாக வளர்ந்த கர்ப்பமாக இருக்கும். ஸ்கேனில் தப்பிப்போனது மைக்ராஸ்கோப்பில் தெரிந்துவிடும். அப்படி இருந்தால் தொடர்ந்து ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும் என்பதால்தான் சொல்கிறேன். குரோமோசோம் பரிசோதனை முதல் இழப்புக்குத் தேவையில்லை, காசை வீணாக்காதீர்கள்.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. கருவி கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துவிடுவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கும். பெரும்பாலும் தானே ஆறிவிடும், சிலருக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்கேன் திரையில் பார்த்துக்கொண்டே செய்தால் இந்த ஆபத்து குறையும். கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருப்பவர்கள், ஃபைப்ராய்டு கட்டி உள்ளவர்கள், முன்பு சிசேரியன் ஆனவர்கள் அதைக் கேட்டே வாங்கிக்கொள்ள வேண்டும். நூற்றில் ஓரிருவருக்கு ஏதாவது மிச்சம் தங்கிவிடும். அப்படித் தங்கினால் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சுரண்ட ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் மாத்திரையில் வருகிறதா என்று பார்க்கலாம்; வராவிட்டால் ஹிஸ்டெரோஸ்கோப்பி, அதாவது உள்ளே கேமரா விட்டு, மிச்சம் இருக்கும் இடத்தை மட்டும் பார்த்து எடுப்பது. இரண்டாம் முறை சுரண்டலில்தான் தழும்புக்கான வாய்ப்பு கூடுகிறது. தெரு அக்காவின் கதையில் ‘இரண்டு முறை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு உறுத்தியது அதுதான்.

கிருமித்தொற்று அறுவையில்தான் அதிகம் என்று நினைக்கிறார்கள். முன்னே சொன்ன பிரிட்டன் ஆய்வில் காத்திருந்தாலும், மாத்திரை எடுத்தாலும், அறுவை செய்தாலும் தொற்று 100-க்கு 2 அல்லது 3 பேருக்குத்தான் வந்தது, மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. அப்புறம் அதே பெண்களைப் பிற்பாடு விசாரித்தார்கள். ஐந்து வருடத்துக்குள் குழந்தை பெற்றவர்கள் காத்திருந்த குழுவில் 79 சதவீதம், மாத்திரைக் குழுவில் 79, அறுவைக் குழுவில் 82. ‘அடுத்தது தங்காது’ என்று உங்கள் மாமியார் மறுபடி சொன்னால் இந்த மூன்று எண்களையும் சொல்லுங்கள். அதட்டிச் சொல்ல வேண்டாம். பேரன் பேத்தி வராமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கும் இருக்கும்.

எல்லாம் சேர்த்து, உங்களுக்கு எது? ரத்தம் குறைவு, ஆஸ்பத்திரி தூரம், உடம்பு தானாக எதையும் ஆரம்பிக்கவில்லை. இந்த மூன்றையும் பார்க்கும்போது சக்ஷன்தான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். மேசையில் படுக்கவே பயமாக இருக்கிறது என்றால் ஆஸ்பத்திரியில் படுத்து மாத்திரை. வீட்டில் காத்திருப்பது உங்களுக்கு வேண்டாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியது நீங்கள்தான். கணவர் கூட இருக்கட்டும், ஆனால் முடிவு உங்களுடையது.

எந்த வழியில் போனாலும் மறக்கக்கூடாத ஒன்று ஆன்டி-டி ஊசி. நீங்கள் நெகட்டிவ். கணவர் பாசிட்டிவாக இருந்தால் கருவும் பாசிட்டிவாக இருந்திருக்கலாம். அந்த ரத்தம் ஒரு துளி கலந்தாலும் உங்கள் உடம்பு அதற்கு எதிரான ஆன்டிபாடிகளை உண்டாக்கி வைத்துக்கொண்டு, அடுத்த குழந்தையின் ரத்தத்தைத் தாக்கக்கூடும். 12 வாரத்துக்கு முன் இந்த ஊசி அவசியமா என்று உலக அளவில் விவாதம் இருக்கிறது. நான் விவாதத்தில் இறங்காமல் ஊசியைப் போட்டுவிடும் கட்சி. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஊசி போட்டதை எழுதி வாங்கி, பத்திரமாக வையுங்கள்.

வீட்டுக்கு அன்று மாலையே வந்துவிடலாம். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் விட்டுவிட்டுப் படும். மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் உடனே கிளம்புங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, மாத்திரைக்குக் கேட்காத வயிற்றுவலி இருந்தாலும் அப்படித்தான். தலைக்குக் குளிக்கலாம். பூண்டுக் குழம்பும் பிரசவ மருந்தும் கொடுத்தால் சாப்பிடுங்கள், மாமியார் மனமும் ஆறும்; ஆனால் தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை கட்டாயம், அதைக் காபி டீயோடு சேர்க்க வேண்டாம். ரத்தம் படுவது நிற்கும் வரை தாம்பத்தியம் வேண்டாம்.

மாதவிடாய் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் திரும்பும். அதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும் என்பதால், உடனே கர்ப்பம் வேண்டாம் என்றால் முன்கூட்டியே பாதுகாப்பு வேண்டும். ஆறு மாதம் காத்திருந்தே ஆக வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை இப்போது நான் யாருக்கும் சொல்வதில்லை. ஸ்காட்லாந்தில் 30,000-க்கும் அதிகமான பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஆறு மாதத்துக்குள் கர்ப்பமானவர்களுக்குக் கெடுதல் எதுவும் கூடவில்லை. உங்களைப் பொறுத்தவரை ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டட்டும், ஃபோலிக் ஆசிட் ஆரம்பியுங்கள், மனதும் சரி என்று சொல்லட்டும். மாதவிடாய் முன்னைவிட ரொம்பக் குறைந்துவிட்டாலோ, வரவே இல்லை என்றாலோ மட்டும் தள்ளிப்போடாமல் வந்து காட்டுங்கள்.

வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கருச்சிதைவுக்குப் பிறகு சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் கம்பெனிகளுக்கும் அது பொருந்தும். டிஸ்சார்ஜ் சீட்டோடு டாக்டரிடம் ஒரு சான்றிதழும் வாங்கி ஹெச்.ஆரிடம் கொடுங்கள். பல பெண்கள் இது தெரியாமல் மூன்றாம் நாளே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கடைசியாக ஸ்கூட்டியும் பழனியும். முதல் மூன்று மாதத்தில் நின்றுபோகும் கருக்களில் பாதிக்கும் மேல், முட்டையும் விந்தும் சேர்ந்தபோதே குரோமோசோம் கணக்குத் தப்பிப்போனவை. ஸ்கூட்டி குலுங்கியோ, பப்பாளி தின்றோ அந்தக் கணக்கு மாறாது. உங்கள் ரிப்போர்ட்டையே எடுத்துப் பாருங்கள். 11 மில்லிமீட்டர் என்பது ஏழு வாரம் தாண்டி ஓரிரு நாள் ஆன கருவின் அளவு. நீங்கள் பழனிக்குப் போனது ஒன்பதாவது வாரத்தின் ஆரம்பத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். பஸ்ஸில் ஏறும்போதே, பெரும்பாலும் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே, வளர்ச்சி நின்றிருந்தது. ரிப்போர்ட்டில் அந்த அளவுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு வீட்டில் காட்டுங்கள்.